கிரைண்டர் நின்ற வாரம்

2 மார்ச் 2025, ஞாயிறு, கோவை

மாலை ஐந்து மணிக்குக் கிரைண்டர் பெல்ட் அறுந்தது. உளுந்து பாதி அரைபட்டிருந்தது, அரிசி ஊறிக் கிடந்தது. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெல்ட் கிடைக்கவில்லை!

"பின்கட்டில் ஆட்டுக்கல் இருக்கிறதே" என்றார் அத்தை. அதன்மேல் பத்து வருடமாகத் துளசித் தொட்டி. கணவர் தொட்டியை இறக்கிக் கல்லைக் கழுவி உட்கார்ந்தார். கால் மணி நேரத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மீதியை நான் ஆட்டினேன். அத்தை நாற்காலி போட்டு மேற்பார்வை. "குழவியோடு மல்லுக்கட்டாதே அம்மணி. இடது கையால் மாவைத் தள்ளிக் கொடு."

3 மார்ச், திங்கள்

இட்லி பூப்போல வந்தது. எல்லோரும் கல்லைப் பாராட்டினார்கள்.

4 மார்ச், செவ்வாய்

கையைத் தூக்க முடியவில்லை. தைலம் தேய்த்துவிட்டபடி அத்தை பழைய கதையை எடுத்தார். 1968இல் கல்யாணமாகிப் பொள்ளாச்சிப் பக்கம் வந்தபோது இட்லி என்பது தீபாவளிக்கும் விருந்தாளிக்கும்தான். மற்ற நாட்களில் கம்பஞ்சோறு, சோளச்சோறு, களி. கம்பு இடிப்பதும் லேசான வேலை இல்லை, அது வேறு. 1983இல் கிரைண்டர் வாங்கினார்கள். அக்கம்பக்கமே வந்து பார்த்ததாம். மறு வாரமே மாமா, "மிஷின்தான் அரைக்கிறதே, தினமும் இட்லி சுட்டால் என்ன?" என்று கேட்டுவிட்டார்.

"அந்தக் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவியே என் முதுகு போயிற்று."

எனக்கு எங்கள் வாஷிங் மெஷின் நினைவுக்கு வந்தது. அது வருவதற்கு முன் துண்டு ஒன்றை மூன்று நாள் பயன்படுத்திய குடும்பம் இது. இப்போது ஆளுக்குத் தினம் ஒன்று. காயப்போடுவது நான்.

6 மார்ச், வியாழன்

பத்திரிகையில் 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. ஊதியமில்லாத வீட்டு வேலை செய்வோரில், அதற்கு நாளொன்றுக்குப் பெண்கள் 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். 2019இல் 299, 97.

"பார், உங்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது" என்றார் கணவர்.

"உங்களுக்கும் ஒன்பது குறைந்திருக்கிறது. அது யார் தலையில் விழுந்தது?"

அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், இரவுப் பாத்திரம் முழுவதும் அவர் பொறுப்பு. அவருடைய அப்பா சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்ததில்லை. மகன் பாத்திரம் துலக்குவதைப் பார்த்து முதல் வருடம் அத்தை அழுதார். இப்போது உறவினர் வந்தால் மட்டும், "கதவைச் சாத்திவிட்டுத் துலக்கு கண்ணு" என்கிறார்.

8 மார்ச், சனி

மகளிர் தினம். அலுவலகத்தில் ஆளுக்கொரு ரோஜாவும் பெண்களுக்குச் சமையல் போட்டியும். தலைவலி என்று சொல்லி வந்துவிட்டேன்.

9 மார்ச், ஞாயிறு

பெல்ட் வந்துவிட்டது, மாட்ட ஆள் வரவில்லை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இரண்டு கிலோ மாவு வாங்கினேன். 2011இல் அரசு தொடங்கிய திட்டத்தில் கிடைத்த இலவசக் கிரைண்டரில் அரைத்து, தெருவில் நாலைந்து வீடுகளுக்கு விற்கிறார். மாதம் வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயில் உளுந்து வாங்கிவிடுவாராம்.

அத்தை பையைத் தூக்கிப் பார்த்தார். "கிலோ என்ன விலை?"

"ஐம்பது."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மகனைக் கூப்பிட்டார். "வாரத்துக்கு ஆறு கிலோ, நாற்பது வருடம். எவ்வளவு ஆகிறது என்று போனில் பார்."

"ஆறு லட்சத்து இருபத்துநாலாயிரம். ஆனால் அரிசி, உளுந்து விலையைக் கழிக்க வேண்டும் அம்மா."

"கழித்துக்கொள். 1983க்கு முன்னால் கையால் ஆட்டியதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை."