ஆவுடையார்கோயிலில் அப்பாவோடு ஒரு பகல்

அப்பா தச்சர். ஐம்பது வருடம் உளி பிடித்த கையில் இரண்டு வருடமாக நடுக்கம். பட்டறையைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்ததிலிருந்து எதிலும் அவருக்குப் பிடிப்பில்லை. "ஆவுடையார்கோயில் போகலாமாப்பா?" என்றதற்கும் "சரி" என்ற ஒரு சொல்தான் பதில்.

அறந்தாங்கியில் இருந்து மீமிசல் போகும் சாலையில் சுமார் 14 கி.மீ. திருவாசகம் சொல்லும் திருப்பெருந்துறை இதுதான். பாண்டியனுக்குக் குதிரை வாங்க வந்த அமைச்சர், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, கொண்டுவந்த பொன்னையெல்லாம் கோயில் கட்டச் செலவழித்துவிட்டு மாணிக்கவாசகர் ஆன ஊர். குதிரை வந்து சேரவில்லை, பாட்டு வந்தது. "திருப்பெருந்துறை உறை சிவனே" என்று அம்மா விளக்கேற்றும்போது முணுமுணுப்பாள். அந்த வரி மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்க, உள்ளே போனேன்.

இங்கே கொடிமரம் இல்லை, நந்தி இல்லை. கருவறையில் லிங்கத்தின் பீடமான ஆவுடையார் மட்டும்தான், அதன்மேல் லிங்கத்தின் தண்டான பாணம் கிடையாது. இங்குள்ள சிவன், ஆத்மநாதர், அருவமாக இருக்கிறார். அம்மன் யோகாம்பாளுக்கும் உருவம் இல்லை. பலகணி வழியாக எட்டிப் பார்த்துப் பாதங்களை வணங்க வேண்டும். வடித்த புழுங்கலரிசிச் சோற்றை ஆவி பறக்கப் படைகல்லில் பரப்புகிறார்கள். கூடவே கீரை, பாகற்காய். அந்த ஆவிதான் சாமிக்கு நைவேத்தியம். வெள்ளையாக எழுந்து, சுருண்டு, இருட்டில் கரைந்ததைப் பார்த்தபோது என்னையறியாமல் கை கூப்பினேன். அப்பாவும் கும்பிட்டார், ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை.

உள்ளே உருவமே இல்லாத இந்தக் கோயிலில், வெளியே வந்தால் எங்கு திரும்பினாலும் உருவங்கள். தூணுக்குத் தூண் வீரபத்திரர், பிட்சாடனர், குறவன், குறத்தி, சேணம் பூட்டிய குதிரைகள். நான் குதிரையின் கடிவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் பக்கத்தில் அப்பாவைக் காணோம்.

தாழ்வாரத்தின் கீழே அண்ணாந்து நின்றிருந்தார். கொடுங்கை! கல்லால் செய்த கூரைச் சரிவு. வளைந்து இறங்கும் கல்லின் அடிப்பக்கம் முழுக்க மரவேலை. கைமரம், குறுக்குச் சட்டம், அவற்றை இணைக்கும் குமிழ் ஆணிகளின் தலைகள் வரை எல்லாமே கல். கல் என்று நம்பாத யாரோ துப்பாக்கியால் சுட்டுப் பார்த்ததாக ஊரில் ஒரு கதை உண்டு, ஓட்டையும் காட்டுகிறார்கள். பழைய சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது, "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" வேறு எதையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம்.

அப்பா விரலை உயர்த்தி ஒவ்வொரு சட்டமாக எண்ணினார். நடுங்கும் விரல்தான். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே பேச ஆரம்பித்தார். "இதச் செஞ்சவனுக்கு மரவேலை தெரிஞ்சிருக்கணும்டா. சட்டம் எங்க எந்தக் கனத்துக்கு வரணுமோ அங்க அந்தக் கனம் இருக்கு பாரு. கல்லுக்கு ஆணி எதுக்கு? ஒரு ஆணியும் தேவையில்ல. ஆனா மரத்துல எங்க அடிப்போமோ, சரியா அங்கதான் வச்சிருக்கான்."

இரண்டு வருடத்தில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பெயர்கூடப் போட்டுக்கொள்ளாமல் போன ஒரு கல்தச்சன், எத்தனையோ தலைமுறை கழித்து ஒரு மரத்தச்சனைத் தட்டி எழுப்பியிருக்கிறான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கருவறையில் நான் கேட்க நினைத்த வரம் இங்கே தாழ்வாரத்தில் கிடைத்தது. ஆத்மநாதர் உருவமில்லாமல் இருப்பது ஏன் என்று எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்: இத்தனை கைகளுக்குள்ளும் அவர் புகுந்துகொள்ள வேண்டியிருந்தது.

நடை சாத்தும் நேரம் வந்தும் அப்பா நகரவில்லை. ஒரு தூணடியில் உட்கார்ந்து, அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கம் அந்த இணைப்பை வரைந்து பார்த்தார். கோடு ஆடியது. "நீ பிடி" என்று பேனாவை என்னிடம் தந்து, எங்கே வளைய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் வரைந்தேன்.

அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர், பாதி வழியில் என் தோளைத் தட்டினார்.

"ஆணித் தலைய முதல்ல விட்டுவச்சிட்டுச் சுத்திச் செதுக்கியிருப்பானா, இல்ல சட்டத்த முடிச்சிட்டு அதுக்கப்புறமா?"