மூன்றா, எட்டா? துவக்கு லைசன்ஸ் புதுப்பிக்கப் போய்ப் பட்ட பாடு

இலங்கையில் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31ஓடு துவக்கு (துப்பாக்கி) லைசன்ஸ் முடிந்துவிடும். ஜனவரி 1 விடியும்போது புதுப்பித்த தாள் கையில் இல்லையென்றால், நேற்றுவரை பன்றிக் காவலுக்கு வைத்திருந்த அதே துவக்கு சட்டவிரோத ஆயுதம். இது தெரிந்தும் 2024இல் டிசம்பர் வரை இழுத்தடித்தேன். காரணம் ஒரு வதந்தி. தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளை நவம்பர் 7க்கு முன் ஒப்படைக்கச் சொல்லிப் பாதுகாப்பு அமைச்சு அறிவித்திருந்தது. அந்தச் செய்தி எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடைக்கு வந்து சேர்ந்தபோது, "எல்லாத் துவக்கையும் பறிக்கப் போறாங்களாம்" என்றாகியிருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்குக் கொடுத்த என் 12 போர் ஒற்றைக்குழலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விதானையார் (கிராம அலுவலர்) சொல்லித் தெளிவதற்குள் நவம்பர் போய்விட்டது.

விதானையாரின் கடிதம், கமநல சேவை நிலையத்துக் கடிதம், காணி பெர்மிற் பிரதி எல்லாம் இரண்டே நாளில் கிடைத்தன. மினக்கெட்டது பொலிஸில்தான். முதல் நாள் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் லீவு. இரண்டாம் நாள் அவர் குழலின் அடியைத் துடைத்து, வெளிச்சத்தில் சரித்துப் பார்த்துவிட்டு லைசன்ஸைப் பார்த்தார். திரும்பவும் குழலைப் பார்த்தார்.

"ஐயா, தாளில கடைசி இலக்கம் 8. துவக்கில 3 மாதிரியெல்லோ கிடக்கு?"

நம்பர் வேறென்றால் துவக்கும் வேறு. அதற்கு மேல் வாதாட இடமில்லை. சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை நீட்டி நின்று வளர்ந்த எங்களுக்குத் தாளும் பொருளும் ஒத்துவராவிட்டால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எனக்கு வேர்த்துவிட்டது.

லைசன்ஸ் கொடுக்கும் அலுவலகத்தில் திருத்திக்கொண்டு வரச் சொன்னார். அங்கே இருந்த கிளாக்கர் பிள்ளை, "துவக்கைப் பார்க்காமல் திருத்த ஏலாது, கொண்டு வாங்கோ" என்றது. சரி. அடுத்த நாள் தோட்டா ஒன்றும் எடுக்காமல், குழலையும் பிடியையும் கழற்றி உரப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். "மண்வெட்டிப் பிடியோ?" என்று கண்டக்டர் கேட்டான். பொய் சொல்ல மனம் வரவில்லை, லைசன்ஸைக் காட்டினேன். அதன் பிறகு மாங்குளம் வரை என் பக்கத்து சீற்றில் ஒருவரும் இருக்கவில்லை.

மாங்குளத்தில் மழைக்குள் ஒரு மணித்தியாலம் நின்று அடுத்த பஸ் பிடித்துப் போனால், வாசல் காவலாளி துவக்கோடு உள்ளே விடமாட்டேன் என்கிறார். கொண்டுவரச் சொன்ன பிள்ளை பயிற்சிக்குப் போய்விட்டது, திங்கட்கிழமைதான் வரும். காவலாளியைக் குறை சொல்ல முடியாது. உள்ளே யாரும் எதையும் கொண்டு போகலாம் என்றால் நானே பயந்திருப்பேன். ஆனால் கொண்டு வா என்று சொல்பவர்கள் வாசலிலும் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாமே.

கடையில் ஒருவர், "உந்த அலைச்சல் எதுக்கு? பத்தைக்குள்ள ஒரு கட்டுத்துவக்கு வைச்சால் முடிஞ்சுது" என்றார். பக்கத்து வாங்கிலில் ஊன்றுகோலோடு இருந்தவர் தலை நிமிரவில்லை. கம்பியில் கால் தட்டியதும் தானாக வெடிக்கிற மாதிரிக் கட்டிவைப்பதுதான் கட்டுத்துவக்கு. யாரோ பன்றிக்கு வைத்த அப்படி ஒன்றில்தான் அவருடைய கால் போனது.

வழி காட்டியது என் மகள். சில்லறைக் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பாள் அல்லவா, அதே வேலை. முதலில் தேங்காய் எண்ணெய்த் துணியால் குழலின் அடியைத் தேய்த்தோம். 3இன் இடப்பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்த துரு கரைந்து வந்தது. போன வருடம் யாரோ அதைத்தான் 8 என்று வாசித்து எழுதியிருக்கிறார்கள். பிறகு தாளை வைத்துத் தேய்க்க, முழு இலக்கமும் கறுப்பில் வெள்ளையாக எழும்பியது. றங்குப்பெட்டியின் அடியில் முதல் வருட லைசன்ஸும் கிடந்தது. அதில் 3.

முடிந்துபோன லைசன்ஸ் என்று எறிந்துவிடாதீர்கள். எறிந்திருந்தால் நான் இன்னும் அலைந்துகொண்டிருப்பேன்.

பென்சில் தாளைப் பொலிஸில் காட்டினேன். உத்தியோகத்தர் குழலோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதிலேயே குறிப்பெழுதி முத்திரை குத்தித் தந்தார். துவக்கை வீட்டில் பூட்டிவிட்டு, தாளையும் பழைய லைசன்ஸையும் மட்டும் கொண்டுபோனேன். அந்தப் பிள்ளை உள்ளே போய்ப் பெரிய பதிவேட்டைத் தூக்கி வந்தது. அதிலும் 3. திருத்தப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதற்கிடையில் துவக்கைத் தொடப் பயந்து நான் தகரம் தட்டிக்கொண்டிருந்த இரவுகளில் பன்றிகள் கச்சானில் (நிலக்கடலையில்) நாலு வரிசையைக் கிண்டியிருந்தன.

27ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, புது லைசன்ஸ் கைக்கு வந்தது. மேசையை விட்டு நகராமல் இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். எல்லாம் சரி. சந்தோசத்தில் மடிக்கப் போனவன் பெயரையும் ஒருதரம் பார்த்தேன். முதலெழுத்து என்னுடையது இல்லை.

"தங்கச்சி" என்றேன்.