புயத்தில் ஓடிய சுண்டெலி

திருகோணமலையில் எழுபதுகளில் உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்த எங்களுக்கு, விஞ்ஞானப் பெயர்கள் என்றாலே நெட்டுருப் போட்டு ஒப்புவிக்க வேண்டிய பாரமாகத்தான் இருந்தன. அந்த எண்ணத்தை 'முஸ்குலஸ்' என்ற ஓர் இலத்தீன் சொல் மாற்றியது. எங்கள் விலங்கியல் ஆசிரியர் அன்று வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, முழங்கையை மெல்ல மடக்கியும் நீட்டியும் காட்டினார். மேற்புயத்துத் தசை தோலுக்கடியில் திரண்டெழுந்து, நகர்ந்து, அடங்கியது. "எலி ஓடுறது தெரியுதோ, தம்பிமார்?" என்று கேட்டார்.

இலத்தீனில் 'முஸ்' என்றால் எலி. 'முஸ்குலஸ்' என்பது சிறிய எலி. தோலின்கீழ் ஓடி ஒளிவதுபோலத் தோன்றிய தசைக்கும் உரோமர் அப்பெயரையே இட்டார்கள். ஆங்கிலத்தின் 'மசில்' அதன் வழிவந்ததே. பண்டைய கிரேக்கத்திலும் எலிக்கும் தசைக்கும் ஒரே சொல்தான். பிள்ளையாரின் வாகனத்தைக் குறிக்க நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'மூஷிகம்' இந்த 'முஸ்' என்பதற்கு உறவுச் சொல் என்று அவர் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. மசிலியா (இன்றைய பிரான்சின் மார்சேய்) நகர முற்றுகையில், வீரர்கள் மறைந்து மதிலை நெருங்குவதற்காகச் சீசரின் படையினர் கட்டிய 60 அடி நீள மரக் காப்பறைக்கும் முஸ்குலஸ் என்றே பெயர். நம்மவர் மட்டும் சளைத்தவர்களா? கணுக்காலுக்கு மேலே, நடுவில் பருத்து இருபுறமும் ஒடுங்கும் தசையைக் கெண்டை என்கிறோம். உரோமர் எலியைக் கண்ட உடலில் தமிழர் மீனைக் கண்டார்கள் என்பது எனக்கு இன்றும் பெருமகிழ்ச்சி தருகிறது.

ஆனால் என்னை விடாது பற்றிக்கொண்டது வேறொன்று. உயிரினங்களுக்கு விஞ்ஞானப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் அறிஞர் லின்னேயஸ், 1758இல் வீட்டுச் சுண்டெலிக்கு 'முஸ் முஸ்குலஸ்' என்று பெயரிட்ட அதே நூலில், 30 மீற்றர் வரை வளரக்கூடிய நீலத்திமிங்கிலத்துக்கும் 'முஸ்குலஸ்' என்ற சிற்றினப் பெயரையே வழங்கினார். இதை அவருடைய விளையாட்டு என்பாரும் உளர். புருவங்களின் பாரத்தால் கண் மறைந்த திமிங்கிலத்துக்கு முன்னே நீந்தி, ஆழமற்ற இடங்களைக் காட்டி வழிநடத்தும் 'முஸ்குலஸ்' என்ற கடலுயிரைப் பற்றிப் பண்டைய உரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார்; அந்தப் பழைய வழக்கே இடம்மாறி இங்கு வந்திருக்கும் என்று நான் எண்ணுகிறேன்.

அன்று அந்தத் திமிங்கிலத்தை நாங்கள் தென்துருவக் கடலின் பிராணியாகவே கற்பனை செய்துகொண்டோம். எங்கள் துறைமுகத்தையொட்டிக் கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு உண்டென்பதும், அதனால் அவை கரைக்கு அண்மையிலேயே வந்து போகின்றன என்பதும் எனக்குத் தெரியவந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான். புலம்பெயர்ந்தபின் ஊருக்குப் போயிருந்த ஒரு காலையில், கோணேசர் கோயில் மலையுச்சியில் நின்றபோது, தொலைவில் வெண்ணிற நீர்த்தூவல் ஒன்று நெட்டுக்குத்தாக எழுந்து காற்றில் கலைந்தது. அதன்பின் நீலஞ்சாம்பல் முதுகொன்று முடிவேயில்லாததுபோல் நெடுநேரம் வழுகிச் சென்றது. எங்கள் வகுப்பறையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம் அது.