கோபுர நூலகம்: வரைபடக் குறிப்புகள்

அக்டோபர் 2
பத்தாம் தேதிக்குள் வரைபடம் போயாக வேண்டும். ஏழு மாடி, மலை உச்சி, வருஷத்தில் பாதி மழை. புத்தகம் எந்த மாடியில்? கற்பனைக் கதைகளில் பெரும்பாலும் உச்சியில். கூரை ஒழுகினால் முதலில் நனைவது அதுதான். அடிமாடியில் வைத்தால் சுவர் வழியே ஓதம் ஏறும். ஆகவே மூன்று முதல் ஐந்து வரை புத்தகம். மேல் இரண்டும் காலி. ஒழுக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

அக்டோபர் 3
நடுவில் சுழல் படிக்கட்டு வைத்தால் அது புகைபோக்கி. கீழே ஒரு விளக்கு கவிழ்ந்தால் தீ மாடி மாடியாக ஏறும். படியைச் சுவருக்குள் தள்ளி, மாடிக்கொரு கனத்த கதவு. சமையல் வெளியே, தனிக் கொட்டகையில்.

அக்டோபர் 4
எடை. ஒரு மீட்டர் தட்டுக்குச் சுமார் 30 கிலோ. ஆறு தட்டு, 15 மீட்டர் சுவர்: மாடிக்கு 2,700 கிலோ. சுவரோரம் நின்றால் உத்திரம் தாங்கும். நடுவில் வைத்தால் தொய்யும். வட்ட அறையில் நேர் அலமாரிக்குப் பின்னால் இடுக்கு விழும். காற்றுக்கு நல்லது, எலிக்கும் நல்லது. கீழ்த் தட்டைத் தரையிலிருந்து ஒரு முழம் தூக்கியாயிற்று.

அக்டோபர் 5
விளக்கே வேண்டாம். பகலில் மட்டும் படிக்கட்டும்.

அக்டோபர் 6
அப்படியானால் ஜன்னல் வேண்டும், ஜன்னல் வழியே ஈரம் வரும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். தோல்தாள் (எழுதுவதற்காகப் பதப்படுத்திய விலங்குத் தோல்) நெளிந்து அட்டையையே தூக்கிவிடும். அடைத்து வைப்பது இன்னும் மோசம். கொரியாவின் ஹேயின்சா மடத்தில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மர அச்சுப் பலகைகள், 13ஆம் நூற்றாண்டில் செதுக்கியவை, 15ஆம் நூற்றாண்டுக் கூடத்தில் கெடாமல் இருக்கின்றன. தெற்குச் சுவரில் கீழ் ஜன்னல் பெரிது, மேலது சிறிது. வடக்குச் சுவரில் தலைகீழ். நுழையும் காற்று அறை முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் வெளியேறும். தரைக்கடியில் கரி, உப்பு, சுண்ணாம்பு, மணல். என்ன அருமையான யோசனை! அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 7
வாசல் தரையில் வேண்டாம். சினாய் பாலைவனத்தின் புனித கேத்தரீன் மடத்தில் ஆட்களையே கயிறும் உருளையும் கொண்டு மேலே இழுத்தார்கள். இங்கே சுமையும் அப்படியே ஏறட்டும்.

அக்டோபர் 8
பூச்சிக்கு வௌவால். போர்ச்சுகலின் கோயிம்ப்ரா பல்கலைக்கழக ஜோவானினா நூலகத்தில் இரவில் பறந்து பூச்சி தின்கின்றன. மாலையில் மேசைமேல் தோல் விரிப்பு, காலையில் எச்சத்தைக் கூட்டித் துடைப்பது. காவலரின் அன்றாட வேலையில் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

அக்டோபர் 9
தூக்கம் இல்லை. ஜெர்மனியின் வைமாரில் அன்னா அமாலியா நூலகம், 2004: தீ பிடித்தது கூரையடியில். சுமார் 50,000 நூல்கள் போயின; அணைத்த தண்ணீரில் கெட்டவை வேறு. நான் காலியாக விட்ட மாடிகளும் மரக்கூரைக்கு நேர் கீழேதான், மலை உச்சியில், இடி விழும் இடத்தில். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே கல் வளைவு போட வேண்டும். வளைவு சுவரை வெளியே தள்ளும். சுவர் கனத்தைக் கூட்டினால் படிக்கட்டு