உயில் இல்லாத வயக்காடு: பாகம் பிரிக்கும்போது எங்கே இடறும்

எங்கள் குடும்ப நிலத்தைப் பிரித்தபோது யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு சீக்கிரமே முடிந்துவிட்டது. அதைச் சட்டமே சொல்லிவிடுகிறது. இழுத்தடித்தது வேறு: கிணறு யார் பக்கம் விழும், வண்டிப்பாதை எதன் வழியாகப் போகும்.

ஆனாலும் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. அப்பா கிரயம் வாங்கிய சுயார்ஜித நிலம் என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு. தாயைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். நிலம் 5 ஏக்கர். மனைவி, 2 மகன், 1 மகள், பாட்டி இருந்தால் ஆளுக்கு 1 ஏக்கர். தாத்தா முன்பே போய்ச் சேர்ந்து, பிறகு பாட்டியும் உயில் இல்லாமல் இறந்தால், அந்த 1 ஏக்கருக்குள் சித்தப்பாவும் அத்தையும் வந்துவிடுவார்கள். அவர்கள் ஆளுக்கு மூன்றில் ஒரு பாகம். மிச்சம் 33 சென்ட் சொச்சம்தான் அப்பாவின் பிள்ளைகள் மூவருக்கும் சேர்த்து. அவர்களை விட்டுவிட்டு எழுதிய பாகப்பிரிவினை அவர்களைக் கட்டுப்படுத்தாது.

பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தத்துக்குப் பின் மகளுக்கு மகனுக்குச் சமமான உரிமை. 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 20.12.2004-க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமாகவோ நீதிமன்றம் மூலமாகவோ பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது. ‘கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே’ என்பது திண்ணைப் பேச்சு. சட்டத்தில் அதற்கு இடமில்லை. அக்கா தங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தாலும் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். 20 ரூபாய் முத்திரைத்தாளில் வாங்கிய கையெழுத்து செல்லாது.

இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று இரண்டையும் வாங்கியதும் மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு (சர்வே எண்வாரியாக நில விவரம் உள்ள கிராமப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்திரம் ஏக்கர்-சென்ட்டில் இருக்கும். பட்டா ஹெக்டேர்-ஏர்ஸில் இருக்கும். 1 ஏக்கர் என்பது 40.47 ஏர்ஸ். 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பதிவில் மூத்தவர் பெயர் மட்டும் ஏறியிருப்பது சகஜம். அதனால் நிலம் முழுக்க அவருடையது ஆகிவிடாது. பதிவைத் திருத்தக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர். உரிமையே தகராறு என்றால் சிவில் நீதிமன்றம்.

பத்திரம் எழுதும் முன் சர்வேயரை வைத்து அளந்து கல் நட்டுவிடுங்கள். பிறகுதான் பத்திரத்தில் தபசில், அதாவது நிலத்தின் எல்லை, அளவு விவரம். சரிபாதியாகக் கோடு போட்டால் ஒருவருக்கு வாய்க்கால் மடை, இன்னொருவருக்கு மேட்டுக்காடு என்று ஆகிவிடும். கிணறும் மின் இணைப்பும் உள்ள பக்கத்தை எடுப்பவர் சில சென்ட் குறைத்துக்கொள்வது நியாயம் என்றே சொல்வேன். கிணறு பொது என்று ஒரு வரி எழுதுவது போதாது. யாருக்கு எத்தனை பாகம், எந்தக் கிழமை யார் முறை, மோட்டார் பழுதானால் செலவை எப்படிப் பிரிப்பது, அடுத்தவர் வயலில் குழாய் பதிக்கும் உரிமை உண்டா, எல்லாம் வர வேண்டும். பாதைக்கு அகலத்தை அடியில் குறியுங்கள். அறுவடை இயந்திரம் நுழைய 12 அடியாவது விடுங்கள். ‘வழக்கமான பாதை’ என்ற சொல்தான் அடுத்த தலைமுறை வழக்குக்கு விதை.

குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 2023 ஜூலை முதல் ஒவ்வொரு பங்குக்கும் உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய். வாரிசுகளில் மைனர் இருந்தால், அந்த மைனருக்கு வாரிசாக வந்த பங்கைக் காப்பாளர் விட்டுக்கொடுக்க நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை மேஜரானதும் அதை ரத்து செய்யக் கேட்கலாம். பதிவு முடிந்ததும் உட்பிரிவுப் பட்டாவுக்கு மனு போட்டு, வரும் புலப்படத்தைப் பத்திர அளவோடு ஒத்துப்பாருங்கள்.

ஒருவர் வரவே மறுத்தால் பாகப்பிரிவினை வழக்குதான். வழக்கு நடக்கும்போது யாராவது விற்றாலும், வாங்கியவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். முதல்நிலைத் தீர்ப்பு பங்கின் அளவை மட்டும் சொல்லும். பலர் அதோடு ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இறுதித் தீர்ப்பு இன்னும் பாக்கி. அதற்குத் தனி மனு போட வேண்டும் என்பது பழைய நடைமுறை; நீதிமன்றமே வழக்கைத் தொடர வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் வந்து அளந்து அறிக்கை தந்து, அதற்கான ஆட்சேபணைகள் கேட்கப்பட்ட பிறகே எந்தத் துண்டு யாருக்கு என்று வரும். அதையும் முத்திரைத்தாளில் எழுதி வாங்க வேண்டும்.