நாம எந்த மரத்தைப் பார்த்தோம்?

"லாபம் கூடிப்போச்சுன்னு பேப்பர்லயே போட்டிருக்கான். அப்புறம் எதுக்குங்க தம்பி விழுகுது?"

2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் வந்த இன்ஃபோசிஸ் ரிசல்ட்டில் காலாண்டு லாபம் 6,806 கோடி ரூபாய். ஒரு வருஷத்தில் 11 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். ஆண்டு வளர்ச்சிக் கணிப்பையும் 4.5 முதல் 5 சதவீதம் என்று உயர்த்தியிருந்தார்கள். விடிந்ததும் பங்கு 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அந்தப் பெரியவர் போன்கூடச் செய்யாமல் என் பங்குத் தரகு ஆபீசுக்கு நேரிலேயே வந்துவிட்டார்.

நான் தயாராகத்தான் இருந்தேன். டிசம்பரிலேயே பங்கு 2,000 ரூபாயைத் தொட்டாயிற்று, நல்ல சேதி அப்போதே விலையில் ஏறிவிட்டது என்றேன். கூடிய வருமானத்தில் ஒரு பகுதி வெளியாரின் சரக்கை வாங்கி வாடிக்கையாளருக்குக் கைமாற்றியதில் வந்தது, அது நிலைக்குமா என்று பெரிய ஃபண்டுகள் யோசிக்கின்றன என்றேன். அமெரிக்க சிப் கம்பெனி என்விடியாவையும் இழுத்தேன்: 2024 ஆகஸ்டில் ஒரே காலாண்டுக்கு 3,000 கோடி டாலர் வருமானம் காட்டியது, எதிர்பார்த்ததைவிட அதிகம், மறுநாளே 6 சதவீதம் இறங்கியது. அச்சில் வரும் எதிர்பார்ப்பு ஒன்று, பெரிய கைகள் மனசுக்குள் போட்டு வைத்திருக்கும் கணக்கு வேறு. அவருக்குப் பிடிபடட்டும் என்று, "தோப்பைக் குத்தகைக்கு எடுக்கிறவர் காய்ப்பைக் கணக்குப் பண்ணித்தானுங்களே விலை பேசுவார்? அதேபடி காய்ச்சா மேல காசு தருவாரா?" என்று கேட்டேன்.

"அவன் மரத்தை அண்ணாந்து பார்த்துட்டுப் பேசுறான். நாம எந்த மரத்தைங்க பார்த்தோம்?"

அப்புறம், "சரி, வித்துருங்க" என்றார். ஆர்டர் போட்டேன்.

நான் சொன்னதில் பொய் கிடையாது. ஆனால் அத்தனையும் விழுந்த பிறகு சொன்னது. ஏறியிருந்தால் அதே 6,806 கோடியைக் காட்டி ஏறியதற்கும் காரணம் அடுக்கியிருப்பேன். அதுவும் நியாயமாகத்தான் இருந்திருக்கும். அதற்காகக் காரணம் கேட்டு வருகிறவரிடம் "தெரியாதுங்க" என்று சொல்லி இந்தத் தொழிலை நடத்த முடியுமா? இது என் பிழைப்புக்கான வாதம் என்பதும் தெரிகிறது.

ஏப்ரலில், அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பில் சந்தை ஆடியபோது, அதே பங்கு 1,400 ரூபாய்க்கும் கீழே போனது. ஜனவரியில் நாங்கள் பேசியதற்கும் அந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை. அன்றைக்கு அவர் அவசரப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். இப்போது என்னடாவென்றால், பக்கத்துத் தோப்புக்காரர்களை என்னிடம் அனுப்பி வைக்கிறார், "தம்பி விவரமானவரு, அவர் சொல்லித்தான் வித்தேன்" என்று. விற்கச் சொல்லி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருகிறவர்களிடம் அதை மறுக்கவும் இல்லை.