ஆண்டாள் கையில் என் பெயர்

என் பெயர் அஞ்சுகம். இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் ஒரு கணம் முழிப்பார், அப்புறம் "அஞ்சுவா?" என்பார், இல்லாவிட்டால் "அஞ்சு சுகமா, அது என்னென்ன அஞ்சு?" என்று சிரிப்பார். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் சோறு, தூக்கம், லீவு என்று விரல்விட்டு எண்ணவே தொடங்கினான், மூன்றுக்கு மேல் அவனுக்கு ஓடவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு நானே அஞ்சு என்று சுருக்கிக்கொண்டேன். கலைஞர் கருணாநிதியின் தாயார் பெயரும் இதுதான் என்பதால் அந்தக் காலத்து ஆட்களிடம் மட்டும் எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்காது.

இது அப்பத்தாவின் பெயர். முதல் பேத்திக்கு அப்பத்தா பெயர் என்பது எங்கள் வீட்டில் யாரும் மாற்றிப் பேசாத விஷயம். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் அதே வீட்டுச் சட்டம்தான். ஆக, அம்மா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கிளி, இங்க வா", "கிளி, தட்டைக் கழுவி வை", இப்படித்தான். எல்லா வீட்டிலும் பிள்ளைகளைக் கண்ணு, தங்கம் என்பது போல எனக்குக் கிளி, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன்.

போன மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பெயர் ஆராய்ச்சிக்கெல்லாம் இல்லை, மார்கழியில் ஒருமுறையாவது ஆண்டாளைப் பார்க்கவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தது, அந்த வருஷம்தான் லீவு கிடைத்தது. பஸ் ஊரை நெருங்கும்போதே வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை ராஜகோபுரம் தெரிந்துவிடும், ஜன்னல் பக்கம் இருந்த எல்லோரும் தலையை நீட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நானும்தான். ஆண்டாள் சன்னதி தனியாகப் பக்கத்தில். நடுவில் நந்தவனம், பெரியாழ்வார் துளசிச் செடியடியில் குழந்தையைக் கண்டெடுத்த இடம்.

சாயங்காலம் வரிசையில் ஒன்றரை மணி நேரம். உள்ளே ஆண்டாள், ரங்கமன்னார், கருடன் மூவரும் ஒரே பீடத்தில். வேறு கோயில்களில் பெருமாளுக்கு எதிரே கைகூப்பி நிற்கும் கருடாழ்வார் இங்கே பக்கத்திலேயே நிற்கிறார், மாப்பிள்ளையை நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததற்கான மரியாதை என்பார்கள். ஆனால் என் கண் போனது ஆண்டாளின் இடது கைக்கு. பச்சைக் கிளி. தினமும் புதிதாகக் கட்டுகிற கிளி அது, மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு, வாழைநாரால் கட்டு. பல மணி நேர வேலை, மறுநாள் அது யாரோ ஒரு பக்தர் வீட்டுக்குப் பிரசாதமாகப் போய்விடும், மறுபடி முதலிலிருந்து இன்னொன்று. திருப்பதி பிரம்மோற்சவத்துக்கும் சித்திரையில் மதுரை அழகருக்கும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை போகும்போது கிளியும் கூடவே போகும்.

அர்ச்சனைக்குப் பட்டர் பெயர் கேட்டார். சொன்னேன். நிமிர்ந்து பார்த்து, "கிளியைப் பார்க்கக் கிளியே வந்துடுத்தா?" என்றார். என்னவென்று கேட்பதற்குள் பின்னால் இருந்த கூட்டம் தள்ளிவிட்டது.

வெளியே மண்டபத்தில் பிரபந்தப் புத்தகத்தோடு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், அவரிடம் போய் விட்டேன் கேள்வியை. "அம் என்றால் அழகு, சுகம் என்றால் கிளி. அம்மும் சொல்லும் சேர்ந்தால் அஞ்சொல் ஆகும், அதே மாதிரிதான் அஞ்சுகம். அழகான கிளி, வேறென்ன?" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு. கிளிக்குத் தமிழில் கிள்ளை, தத்தை என்றெல்லாம் இருக்க, சுகம் வடமொழியிலிருந்து வந்தது. இன்பம் என்கிற சுகமும் வடமொழிதான், ஆனால் அது வேறு சொல், அங்கே ககரத்தின் ஒலி வேறு. தமிழில் ஒரே க என்பதால் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பள்ளிக்கூடத்துப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை.

வியாசரின் மகன், பரீட்சித்துக்கு ஏழு நாளில் பாகவதம் சொன்ன சுகர், அவர் பெயரும் இந்தச் சுகம்தான். அவரே கிளியாக அரங்கனிடம் தூது போய்வந்து ஆண்டாள் கையில் உட்கார்ந்துவிட்டார் என்பது ஸ்ரீவில்லிபுத்தூர் ஐதீகம்.

ஆண்டாள் பாட்டிலேயே கிளிகள் உண்டு என்று பெரியவர் நாச்சியார் திருமொழியைப் புரட்டினார். குயிலிடம், நீ கூவி அவனை வரவழைத்தால் பாலும் சோறும் ஊட்டி வளர்த்த என் கிளியை உனக்குத் தோழியாக்குகிறேன் என்று பேரம் பேசுகிறாள் ஒரு பாட்டில். எனக்குப் பிடித்தது இன்னொரு கிளி. கூட்டுக்குள் இருந்து ஓயாமல் கோவிந்தா கோவிந்தா என்று கத்துகிறது, சோறு போடாமல் தண்டித்தால் அடங்குமா என்று பார்த்தால் "உலகளந்தான் என்று உயரக் கூவும்". பட்டினி போட்டால் இன்னும் சத்தமாம்! அப்பத்தாவைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். தெருமுனையில் நின்று கூப்பிட்டால் கண்மாய்க்கரையில் இருக்கிற தாத்தாவுக்குக் கேட்கும் குரல் அது, கோபத்தில் இருந்தால் அதற்கும் அப்பால்.

ராத்திரி அங்கேயே தங்கினேன். மறுநாள் மார்கழி 15, விடிவதற்கு முன்னாலேயே ஒலிபெருக்கியில் "எல்லே இளங்கிளியே, இன்னம் உறங்குதியோ" என்று வந்தது. நான் போர்வைக்குள்தான் இருந்தேன், எழுந்துவிட்டேன். கிளிப் பிரசாதம் கிடைக்குமா என்று போய்க் கேட்டேன், அன்றைக்கு எனக்கு வாய்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பால்கோவா வாங்கிக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அஞ்சுகம்னா கிளின்னு உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

"பின்னே? மாமியார் பேரைச் சொல்லியா உன்னைக் கூப்பிட முடியும்? உங்க தாத்தாதான் அர்த்தம் சொன்னாரு. பால்கோவா வாங்கிட்டியா?"